கொம்பியூட்டருக்கு உம்மா மாற்றிய கதை

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து சேருவான். வந்த முதல் வருடம் அவனுக்கு நடக்கிற உபசாரத்தைச் சொல்லி முடியாது. மீனில் நடுத்துண்டு அவனுக்கு. கோழியில் கால் அவனுக்கு. அவன் சாப்பிட்டு எழும்பும் வரைக்கும் மின்விசிறி அவன் பக்கமே திரும்பியிருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு. ஒரு வேலையும் செய்யாமல் இப்படித் தின்றுகொண்டிருக்கிற மனிதனுக்கு, தானும் எதற்காவது உதவுவான் என்று காட்டிவிட வேண்டும் என்ற அரிப்பு உண்டாகும். அந்த அரிப்பில் எதைக் கேட்டாலும் "ஓம், தெரியும்" என்று சொல்லிவிடுவான்.

நானும் சொன்னேன்.

நான் ஒலுவில் ஆள். கல்முனையில் ஒரு அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. சாய்ந்தமருதில் ரிஸ்னாவைக் கலியாணம் முடித்து அந்த வீட்டுக்குப் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கலியாணம் பேசியவர் என்னைப் பற்றிச் சொல்லும்போது, "மாப்பிள்ளைக்குக் கொம்பியூட்டர் தண்ணி பட்ட பாடு" என்று ஒரு வார்த்தையைக் கூடுதலாகப் போட்டுவிட்டிருந்தார். உண்மையில் எனக்குத் தெரிந்தது கடிதம் தட்டெழுதவும், அலுவலக அச்சுப்பொறி மக்கர் பண்ணினால் அதன் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டவும்தான். (அந்தத் தட்டை எங்கள் அலுவலகத்தில் என்னைவிட நன்றாகத் தட்ட ஆள் இல்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.)

ரிஸ்னாவின் வாப்பா, அதாவது என் மாமா, ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். நல்ல உயரம், அகன்ற கை. இளமையில் ஊர்க் கழகத்தின் உதைபந்தாட்ட அணிக்குக் கோல் காத்தவர். சாய்ந்தமருதுக்கும் மருதமுனைக்கும் நடந்த ஒரு இறுதிப் போட்டியில் கடைசி நிமிடத்தில் ஒரு பெனல்ட்டியை மறித்து ஊருக்குக் கிண்ணம் எடுத்துக் கொடுத்தார் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். "வலப்பக்கம் பாஞ்சன். ரெண்டு கையாலயும் பந்தப் புடிச்சி நெஞ்சோட அணைச்சன்" என்பார். சொல்லும்போது கையில் இருப்பது பந்தாகிவிடும். தேங்காய், தலையணை, ஒருமுறை பக்கத்து வீட்டுக் குழந்தை.

இந்தப் பெனல்ட்டிதான் எங்கள் எல்லோரையும் மாட்டிவிட்டது.

ரிஸ்னாவின் தங்கை பஸீஹாவுக்கு மருதமுனையில் ஒரு இடம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை வங்கியில் வேலை. அவருடைய வாப்பா புடைவைக்கடை ஹாஜியார். எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தபோது, மாமா அவரோடு தொலைபேசியில் கதைக்கையில், அந்தப் பெனல்ட்டியை அடித்தவரே இந்த ஹாஜியார்தான் என்பது வெளியே வந்தது. முதலில் இரண்டு பேரும் சந்தோஷத்தில் கூத்தாடினார்கள். பிறகு மாமா, "நான் மறிச்ச மறிப்பு நினைவிரிக்கா?" என்று கேட்டார்.  மறுபக்கத்திலிருந்து ஹாஜியார் சொன்னார்.

"நீங்க எங்க மறிச்ச? நான் வெளிய அடிச்சிட்டன். உங்கட கை படவேயில்ல."

மாமாவின் முகம் சிவந்தது. "வெள்ளிக்கிழம அஸருக்குப் பொறகு ஊட்ட வாங்க. எனக்கிட்ட சீடி இரிக்கி. போட்டுக் காட்டுறன்" என்று சொல்லிவிட்டு அழைப்பை வைத்தார்.

மாமி கையிலிருந்த அகப்பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "புள்ளைர கலியாணத்தக் கொண்டுபோய்ப் பந்தடிக்குள்ள போட்டுட்டீங்களே! சீடியக் காட்டி அந்த மனிசன வெக்கப்படுத்தினாலும் கலியாணம் போகும். காட்டாட்டி உங்கட மானம் போகும். எது போனாலும் நான்தானே ஊரெல்லாம் பதில் சொல்லோணும்!"

மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கீறு விழுந்துவிடும் என்று ஒருநாளும் போட்டுப் பார்க்காமல் துணியில் சுற்றி வைத்திருந்த சீடியை அலுமாரியைத் திறந்து எடுத்து வந்தார். அந்தப் போட்டியைக் கமெராவில் பிடித்தவர் சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு உறவுக்காரர். பிறகு கடற்கரைப் பக்கமிருந்த ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துச் சீடியாக்கியிருந்தார்கள். ஸ்டூடியோவும் அதிலிருந்த நாடாவும் சுனாமியோடு போய்விட்டன. உலகத்தில் மிச்சமிருந்தது இந்த ஒன்றுதான்.

முன்னறையில் பூவேலை செய்த உறைக்குள் மாமாவின் பழைய கொம்பியூட்டர் இருந்தது. பிள்ளைகள் படிக்கிற காலத்தில் வாங்கியது. உறையை எடுத்து, தூசி தட்டி, சீடியைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினார். கர்ர்ர் என்று ஒரு சத்தம். பிறகு டக், டக். பிறகு ஒன்றுமேயில்லை. திறக்கிற பொத்தானை அமத்தினால் பச்சை விளக்கு ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. ஊரின் மானம் உள்ளே சிக்கிக்கொண்டது.

எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"மருமகன், இது உங்கட பாடம்தானே?" என்றார் மாமா.

"ஓம் மாமா. சின்ன வேலதான்."

அறைக்குள் போனதும் ரிஸ்னா மெல்லிய குரலில் கேட்டாள், "உண்மையா ஒங்களுக்கு இது தெரியுமா?"

"என்ன கேள்வி இது?" என்றேன். (அது பதில் அல்ல என்பதை அவள் அப்போதே கவனித்துவிட்டாள்.)

எடுத்த எடுப்பில் நான் செய்ததை நன்றாகத்தான் செய்தேன். தட்டுக்குக் கீழே ஊசி நுழைகிற அளவு ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் கம்பியை விட்டு அழுத்தினால் தட்டு வெளியே வரும் என்று எங்கோ படித்திருந்தேன். கம்பி கேட்டேன். நாலு முழத்துக்குக் கட்டுக்கம்பி கொண்டுவந்து கொடுத்தார் மாமா. ஹார்ட்வெயார்க் கடைக்காரர் அல்லவா! பிறகு ரிஸ்னா தன் முக்காட்டிலிருந்த ஊசியைக் கழற்றித் தந்தாள். அதை நிமிர்த்தி உள்ளே விட்டு அழுத்தியதும் தட்டு நத்தை மாதிரி வெளியே வந்தது. சீடி பத்திரம். மாமா அதைக் கையில் வாங்கி முத்தமிட்டார். மாமி, "மாஷா அல்லாஹ்!" என்றார். அன்று பகல் எனக்கு இரண்டு கோழிக்கால்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சீடியை எடுத்துக்கொண்டு போய் வேறு யாருடைய கொம்பியூட்டரிலாவது போட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் இரண்டு கோழிக்கால் தின்ற மனிதன் அப்படி யோசிக்கமாட்டான். "பின்னேரத்துக்குள்ள இதையே திருத்தித் தாறன்" என்று அறிவித்துவிட்டேன்.

சீடியை வாசிக்கிற சின்னக் கண்ணாடியில் தூசி பிடித்திருக்கும் என்று பஞ்சில் ஓடிக்கொலோன் நனைத்துத் துடைத்தேன். வீடே மணத்தது; சீடி ஓடவில்லை. சரி, வயரில்தான் பிழை என்று முடிவுகட்டினேன். பெட்டியைப் பாயில் படுக்க வைத்து மூடியைக் கழற்றினேன். மாமா கடையிலிருந்து ஸ்குரூ டிரைவர்களை ஒரு தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தார். சுன்னத்துக் கலியாண வீட்டில் வெற்றிலைத் தட்டு வைப்பதுபோல இருந்தது.

"இத எடுங்க. நுனியில காந்தம் இரிக்கி. ஸ்குரூ கீழ உழாது."

"காந்தம் கொம்பியூட்டருக்குக் கூடாது மாமா" என்றேன் பெரிய வைத்தியர் தோரணையில். காந்தமில்லாத ஒன்றை எடுத்துக்கொண்டேன். வயரை மாற்றினால் விளக்கு எரிகிறதா என்று உடனுக்குடன் பார்க்கலாம் என்று மின்சாரத்தையும் போட்டுவிட்டேன். இதற்கு மேல் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சீடி டிரைவைப் பிடித்திருந்த ஸ்குரூ என் விரலிலிருந்து நழுவியது. உள்ளே விழுந்து, எதிலோ பட்டு, பச்சைப் பலகையின் நடுவில் போய் நின்றது. டப்! ஒரு நீல மின்னல். பெட்டிக்குள் சுழன்றுகொண்டிருந்த சின்ன விசிறி நின்றது. பிறகு ஒரு கருகல் வாசம்.

"அடி புடிச்சிட்டு!" என்று கத்திக்கொண்டு மாமி குசினிக்கு ஓடினார். குசினியில் ஒன்றும் அடி பிடிக்கவில்லை. அவர் திரும்பி வந்து மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, கடைசியில் என் முன்னால் வந்து நின்றார்.

நான் எதை எதையோ தொட்டுப் பார்த்தேன். பலகையின் ஓரத்தில் ஒரு சின்ன உருப்படி கறுத்து வெடித்திருந்தது. மறைக்க வழியேயில்லை.

"மாமா... மதர்போர்ட் போயிட்டு."

மாமா வாயைத் திறக்கு முன் மாமி கேட்டார், "மதர் எண்டா உம்மாதானே மருமகன்?"

"ஓம் மாமி. மத்த எல்லாம் இதப் புடிச்சித்தான் நிக்கிற. இது போனா ஒண்டுமே ஓடாது."

"அது சரிதான். உம்மா உழுந்தா ஊட்டுல ஒரு வேலயும் நடக்காது. இத இப்பதானா படிச்சீங்க ரெண்டு பேரும்?" என்று சொல்லி மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நான் அதில் தலையிடவில்லை.

மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். சீடியைத் துணியில் சுற்றிக்கொண்டே, "பரவாயில்ல மருமகன். வராட்டி வராதுதான்" என்றார். அந்தப் பெரிய கைகள் அந்தச் சின்னத் துணியைச் சுற்றியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதருக்காக மாற்றித்தான் ஆகவேண்டும், அதையும் நானே மாற்றவேண்டும் என்று அப்போதே தீர்மானித்தேன்.

மறுநாள் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கல்முனைக்குப் போனேன். முதல் கடையில் கம்பீரமாக ஒரு மதர்போர்ட் கேட்டேன்.

"என்ன சொக்கெட்?" என்றார் கடைக்காரர்.

"மூன்று பின்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது சுவர்ல இரிக்கிற சொக்கெட், காக்கா" என்றார், மூத்தவரை அழைக்கிற மரியாதை குறையாமல்.

மதர்போர்டில் மூளை உட்காருகிற குழிக்கும் சொக்கெட் என்றுதான் பெயராம். பழைய பலகையைக் கழற்றி எடுத்துப் போனால்தான் பொருத்தமானது தேடலாம் என்று தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பிக் கழற்ற உட்கார்ந்தேன். உள்ளே வயர்கள் நூடில்ஸ் மாதிரிக் கிடந்தன. எது எங்கே இருந்தது என்று பிறகு தெரிய வேண்டுமே என்று கைத்தொலைபேசியில் படமெடுத்தேன். ரிஸ்னா அதை வாங்கிப் பார்த்தாள்.

"எல்லாப் படத்துலயும் ஒங்கட பெருவிரல்தான் இரிக்கி" என்றாள்.

அவள் வீட்டில் அபாயா தைப்பவள். எழும்பிப் போய்த் தன் தையல் பெட்டியைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு வயரிலும் ஒவ்வொரு நிற நூலைக் கட்டினாள்; அது கழன்ற இடத்திலும் அதே நிற நூல். சிவப்பு, மஞ்சள், பச்சை, நாவல். என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து நூல் கட்டிக்கொண்டே, "நேத்து நீங்க சொன்னது பொய்தானே?" என்று கேட்டாள்.

"எது?"

"தெரியும் எண்டது."

"ஓம்" என்றேன்.

அவள் சிரித்தாள். கலியாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். அன்றுவரை அவள் எனக்குச் சோறு போட்டாள், நான் தின்றேன். அவ்வளவே.

பலகையைத் துவாயில் சுற்றிக்கொண்டு அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறினேன். வழியில் ஒலுவிலைத் தாண்டும்போது தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குள் துவாய் விலகிவிட்டது. பக்கத்தில் இருந்த வயதான விவசாயி ஒருவர் பலகையை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, இது எந்தக் கண்டத்துர மெப்?"

"இது வரைபடம் இல்ல, கொம்பியூட்டர்ர சாமான்."

"ஆ! நான் வயல் கண்டம் எண்டு நினைச்சன். வாய்க்கால் எல்லாம் நல்லா நேரா வெட்டியிரிக்கான்" என்று விரலால் அந்தக் கோடுகளைத் தடவினார். பிறகு கறுத்த இடத்தைக் கண்டதும், "இந்த மூலக்குத் தண்ணி பாயல்லயா?" என்று கேட்டார். அன்று முழுவதும் என்மேல் பரிதாபப்பட்ட ஒரே மனிதர் அவர்தான்.

அக்கரைப்பற்றுச் சந்தியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பழைய சாமான் கடை. மூடிப்போன நெட் கஃபே ஒன்றின் கொம்பியூட்டர்கள் அங்கே அடுக்கிக் கிடந்தன. கடைக்காரர் என் பலகையை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து, அதே மூளை பொருந்துகிற ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். அவரே ஓட்டிக் காட்டினார், ஓடியது. "பெட்டியக் கொண்டு வாங்க, நானே பூட்டித் தாறன்" என்றார்.

"வேணாம். நான் பூட்டுவன்" என்றேன்.

இதை இன்று நினைத்தாலும் என் முதுகெலும்பு நிமிருகிறது. மூன்று பின் என்று சொன்ன மனிதன் அதே நாளில் சொன்ன பதில் அது!

வெள்ளிக்கிழமை காலை முன்னறையில் பாயை விரித்தோம். மின்சாரத்தைக் கழற்றினேன். (இதை நான் சொல்லத் தேவையில்லை. மாமி பிளக்கைக் கழற்றித் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.) காந்தமுள்ள ஸ்குரூ டிரைவரை ஒரு வார்த்தை பேசாமல் மாமாவிடமிருந்து வாங்கிக்கொண்டேன். பலகை உட்கார்ந்தது. ஸ்குரூக்கள் ஏறின. நூல் கட்டிய வயர்களை எடுத்தோம். அப்போதுதான் தெரிந்தது, புதிய பலகையில் இடங்கள் எல்லாம் மாறியிருந்தன. சிவப்பு நூலுக்குரிய வயர் இருக்கிறது. அது போகவேண்டிய வீடு வேறு தெருவில் இருக்கிறது. ரிஸ்னா கைத்தொலைபேசியைக் கிட்டப் பிடித்துப் பலகையில் எறும்பளவு இருந்த எழுத்துகளைப் பெரிதாக்கி வாசித்தாள். நான் வயரைத் தேடிச் செருகினேன். வியர்வை பலகையில் விழாமல் மாமா துவாயால் என் நெற்றியை ஒற்றிக்கொண்டிருந்தார்.

ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்ல முன் எல்லாம் முடிந்தது. மாமியிடம் பிளக்கைக் கேட்டு வாங்கிப் பொத்தானை அமத்தினேன். விசிறி சுழன்றது! மாமா, "அல்லாஹு அக்பர்!" என்றார். ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டேன். கறுப்பு. மறுபடியும் போட்டேன். கறுப்பு.

குளித்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனோம். குத்பாப் பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அல்லாஹ் மன்னிக்க வேண்டும். தொழுகைக்கு எழும்பியதும் இமாம் வழக்கம்போல, "ஸஃப்புகளை நேராக்கிக்கொள்ளுங்கள். இடைவெளி விடாமல் நெருங்கி நில்லுங்கள்" என்றார். பக்கத்தில் நின்றவர் என்னைத் தோளால் தள்ளி இடைவெளியை அடைத்தார். அந்தத் தள்ளில் என் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. ரேம்! நினைவகத் தகட்டை நான் குழியில் வைத்தேனே தவிர, நெருக்கி அமத்தவில்லை. ஒருபக்கம் இடைவெளி விட்டு நிற்கிறது!

ஸலாம் கொடுத்து முடிந்ததும் செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு ஓடினேன். பிளக்கைக் கழற்றி, ரேமை எடுத்து நேராக வைத்து, இரண்டு பெருவிரலாலும் பலமாக அமத்தினேன். கிளிக்! மறுபக்கமும் கிளிக்! மின்சாரத்தைப் போட்டேன். பீப் என்று ஒரே ஒரு சத்தம். திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன.

எனக்குப் பிள்ளைகள் பிறந்தபோது அவர்களின் முதல் அழுகையைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பீப்புக்கு அடுத்தபடி என்று சொன்னால் ரிஸ்னா அடிப்பாள். ஆகவே சமம் என்று சொல்லிவைக்கிறேன். மாமா என்னைக் கட்டிப்பிடித்து, பந்தை அணைத்ததுபோலவே நெஞ்சோடு அணைத்தார். மாமியின் கண் கலங்கியது. "உம்மாவ மாத்தியும் உசிர் வந்திட்டுதே!" என்றார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் மனைவியோடும் மகனோடும் வந்தார். கட்டையான, சிரித்த முகமுள்ள மனிதர். வட்டிலப்பம் சாப்பிட்டார். தேநீர் குடித்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "சரி, சீடியப் போடுங்க பாப்பம்" என்றார்.

மாமா துணியை விரித்துச் சீடியை என்னிடம் தந்தார். நான் தட்டில் வைத்து உள்ளே தள்ளினேன்.

கர்ர்ர். டக், டக்.

அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது. பழுதானது சீடி டிரைவ். நான் மாற்றியது மதர்போர்ட். பல்வலி என்று வந்தவருக்கு இதய மாற்றுச் சிகிச்சை செய்துவிட்டுப் பல்லை மறந்துபோயிருக்கிறேன். என் கையால் கெட்டதை என் கையால் திருத்திய சந்தோஷத்தில், முதலில் எது கெட்டிருந்தது என்பதே வீட்டில் ஒருவருக்கும் நினைவில் இல்லை.

ஹாஜியார் கதிரையில் சாய்ந்துகொண்டார். "பரவாயில்ல. இன்ஷா அல்லாஹ் இன்னொரு நாளைக்குப் பாப்பம்" என்றார். அதில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. மாமா நிலத்தைப் பார்த்தார்.

"மாமா, அந்தச் சின்ன ஸ்குரூ டிரைவரத் தாங்க" என்றேன்.

எனக்குள் எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. ஒரு மதர்போர்டையே பூட்டிய கைகளுக்கு இது என்ன என்று தோன்றிவிட்டது. மின்சாரத்தைக் கழற்றி, டிரைவை வெளியே உருவி, மாமியின் பூவேலைத் தலையணையில் கவிழ்த்து வைத்து, அடித்தகட்டின் ஸ்குரூக்களைக் கழற்றினேன். ஹாஜியார் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். அவருடைய மகன் கைத்தொலைபேசியில் வெளிச்சம் பிடித்தார். தகட்டைத் தூக்கினால் உள்ளே ஒரு சீடி இல்லை. இரண்டு இருந்தன! மாமாவின் சீடிக்குப் பின்னால், தட்டைத் தாண்டி உள்ளுக்குள் சரிந்து, வேறு ஒன்று இறுகிக் கிடந்தது. அதன் விளிம்பு உரசித்தான் எதுவுமே சுழல முடியாமல் இருந்திருக்கிறது. அதை மெல்ல உருவி எடுத்தேன். மேலே ஒரு பெண்ணின் கை நிறைய மருதோண்டிக் கோலம்.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு கூச்சல்.

"அல்லாஹ்! அது என்ட மருதோண்டி டிசைன் சீடி! ராத்தாதான் ஒளிச்சு வெச்ச எண்டு எவ்வளவு சண்ட புடிச்சன்!"

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் குரல் முதலில் கேட்டது இப்படித்தான். மாமி தலையில் கைவைத்தார். ரிஸ்னா திரைச்சீலைப் பக்கம் திரும்பி, "இப்ப மன்னிப்புக் கேளு" என்றாள். ஹாஜியார் விழுந்து விழுந்து சிரித்தார். "புள்ளைக்கு நல்ல சத்தம். எங்கட கடையில ஆக்களக் கூப்பிட உதவும்" என்றார். மாப்பிள்ளை வெட்கத்தில் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைத் தன் முகத்துக்கே அடித்துக்கொண்டார்.

டிரைவைத் தலையணையில் வைத்தபடியே வயரைப் பூட்டினேன். சீடி ஓடியது.

புதிய பலகைக்கும் திரைக்கும் இன்னும் சரியான பழக்கம் வரவில்லைபோல. படம் பக்கவாட்டில் இழுபட்டு, மைதானத்திலிருந்த எல்லோரும் அகலமாகத் தெரிந்தார்கள். "நான் அந்தக் காலத்துல இவ்வளவு மொத்தமா?" என்று ஹாஜியார் அங்கலாய்த்தார். பிறகு பெனல்ட்டி வந்தது.  இளம் ஹாஜியார் ஓடிவந்து அடித்தார். இளம் மாமா வலப்பக்கம் பறந்தார். அழகான பாய்ச்சல்தான். ஆனால் பந்து போனது இடப்பக்கம். பறந்துகொண்டிருந்த மாமாவின் பின்னங்காலில், குதிக்கு மேலே, பந்து பட்டுத் தெறித்து வெளியே போனது. மாமாவுக்கு அது தெரியவேயில்லை. புல்லில் கிடந்தபடி வெறும் நெஞ்சை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார்.

 மாமா இருமினார்.

"கை இல்ல, கால்" என்றார் ஹாஜியார்.

"காலும் என்டதானே?" என்றார் மாமா.

ஹாஜியார் அவரைப் பார்த்தார். "ஓம். மறிச்சதுதான். நான் வெளிய அடிச்சன் எண்டு இவ்வளவு காலமும் என்ட ஊட்டுல சொல்லிக்கிட்டிருந்தன். என்ட மகனுக்கும் அப்பிடித்தான் சொல்லி வளத்தன்." அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு மாமாவும் ஹாஜியாரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அந்தக் கட்டத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு கேட்டபோது கலியாணப் பேச்சு முடிந்து நாளும் குறித்தாயிற்று.

போகும்போது வாசலில் மாமா என் தோளில் கைவைத்து ஹாஜியாரிடம் சொன்னார், "இவர்தான் எங்கட மூத்த மருமகன். கொம்பியூட்டர்ர உம்மாவயே மாத்தின ஆள்." சீடியில் கிண்ணத்தை வாங்கும்போது மாமாவின் முகம் எப்படி இருந்ததோ அப்படித்தான் அப்போது என் முகமும் இருந்ததாக ரிஸ்னா இன்றுவரை சொல்கிறாள்.

அந்தப் பெயர் ஊர் முழுவதும் பரவிவிட்டது. கலியாண வீட்டுக்குப் போனாலும் மௌத்து வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர், "உம்மாவ மாத்தின மருமகன் இவர்தான்" என்று என்னை அறிமுகப்படுத்துவார். கேட்பவர்கள் முதலில் திடுக்கிடுவார்கள். பிறகு முழுக்கதையும் சொல்லப்படும். ஒவ்வொரு முறையும் அந்த நீல மின்னல் கொஞ்சம் பெரிதாகும். கதையோடு வேலையும் வந்து சேர்ந்தது. மாமியின் பிளெண்டர், பள்ளியின் ஒலிபெருக்கி, அடுத்த தெருவின் சலவை இயந்திரம் எல்லாம் என் பாயில் வந்து படுத்தன. சிலவற்றைத் திருத்தினேன். சிலவற்றை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பஸீஹாவின் மாப்பிள்ளை, அதாவது என் சகலன், கலியாணம் முடித்து வந்த முதல் கிழமை, சாப்பாட்டுப் பாயில் மாமா அவரிடம் ஆசையாகக் கேட்டார், "ஒங்களுக்கு என்ன வேல தெரியும் மருமகன்?"

வெளிச்சம் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தவர் அல்லவா! ஒரு விநாடிகூட யோசிக்காமல், "எனக்கு ஒண்டுமே தெரியாது மாமா" என்றார். பாயே அதிரும்படி எல்லோரும் சிரித்தார்கள். அன்று முதல் இன்றுவரை அவர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மாம்பழம் சாப்பிடுகிறார். நான் கூரையில் ஏறி அன்டெனா திருப்புகிறேன். அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லி ரிஸ்னா எனக்கு எத்தனையோ முறை சொல்லிவிட்டாள்.

சென்ற கிழமை அவருடைய புதிய குளிர்சாதனப் பெட்டி ஒரு மாதிரி முனகுகிறது என்று பேச்சுவாக்கில் காதில் விழுந்தது. அடுத்த நிமிடம் ஸ்குரூ டிரைவர் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வளவிலுள்ள அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.